ஒரு டச் போடுங்க!

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஊருக்குள் நுழைந்து நுழைந்து போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். வழியில் டீக்கடை எத்தனை, வெல்டிங் பட்டறை எத்தனை? டீக்கடைதான் ஜெயிக்கும். ஆனால் டெபாசிட் போகிற அளவுக்குப் பட்டறை தோற்காது.

'இங்கு கேட், கிரில், ரோலிங் ஷட்டர் சிறந்த முறையில் செய்து தரப்படும்' என்று ஒரு போர்டு. அதன் கீழே நீல வெளிச்சம். பஸ்ஸுக்குள் ஒரு அம்மா, "அத்தப் பாக்காதடா, கண்ணு பூடும்" என்று பையனின் கண்ணைப் பொத்துவாள். பையன் விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பான். நாமெல்லாம் அப்படிப் பார்த்தவர்கள்தானே.

ஐ.டி.ஐ. பாடப் புத்தகத்தில் இதற்குப் 'பற்றவைப்பு' என்று பெயர். பேச்சில் 'பத்த வைக்கிறது'. அடுப்பைப் பத்த வைக்கலாம், பீடியைப் பத்த வைக்கலாம், இரும்பைப் பத்த வைக்கலாம். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவிலும் பத்த வைக்கலாம். (இதற்கு ராடு, கரன்ட் எதுவும் வேண்டாம்.) இந்த வாரம் மூன்றாவது வகை.

வீடு கட்டுகிற நம்மவர் பட்டறைக்குப் போனால் என்ன கேட்கிறார்? டிசைன் ஆல்பத்தைப் புரட்டி மயில் வேண்டுமா, சூரியகாந்தி வேண்டுமா என்று குடும்பத்தோடு விவாதிக்கிறார். பெயின்ட் கலர் கேட்கிறார். கடைசியில், "கிலோ என்ன ரேட்டுப்பா?" ஆமாம், நம்மூரில் கேட் என்பது கத்தரிக்காய் மாதிரி. தராசில் வைத்துத்தான் விலை.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கிலோக் கணக்கில் விலை பேசினால் பட்டறைக்காரருக்கு லாபம் இரும்பின் எடையில். இணைப்புக்குத் தனிக் காசு கிடையாது. ஒரு ஜாயின்ட்டைச் சுற்றிலும் முழுசாகப் பற்றவைத்தால் ராடு அவர் கைக்காசு, கரன்ட் அவர் கைக்காசு, நேரமும் போச்சு. எடையோ பத்து கிராம்கூட ஏறாது. அதனால் நாலு மூலையில் நாலு பொட்டு. அதற்கு மேல் கொஞ்சம் பட்டி, அதற்கு மேல் பெயின்ட். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நாம் இரும்புக்குத்தான் காசு கொடுத்தோம், இரும்பு வந்து சேர்ந்துவிட்டது. ஒட்டுவதற்கு யார் காசு கொடுத்தது?

எப்படி ஒட்டுவது என்பதற்கும் இதே கதிதான். பட்டறையில் எந்த மெஷின் இருக்கிறதோ அதுதான் முறை. உண்மையில் அதைத் தீர்மானிக்க வேண்டியது மெஷின் அல்ல. என்ன உலோகம், எத்தனை மில்லிமீட்டர் கனம், எந்த இடத்தில் வைத்துப் பற்றவைக்கப் போகிறோம், அதன்மேல் என்ன பாரம் விழப்போகிறது... இவைதான். டாக்டரிடம் போனால் தலைவலியா கால்வலியா என்று கேட்காமல், கையில் இருக்கிற ஊசியைக் குத்தினால் சும்மா விடுவோமா?

முதலில் நமக்குப் பழக்கமான ராடு வெல்டிங். ஹோல்டரில் ராடைச் செருகி இரும்பில் தட்டி லேசாகத் தூக்கினால் நடுவில் நெருப்பு வில் பாய்கிறது. வெப்பம் 5,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். இரும்பு உருக 1,500 போதும். ராடின் மேல் மாவு பூசினாற்போல் ஒரு பூச்சு இருக்கிறதே, ராடின் உயிரே அதில்தான். அது எரிந்து புகையாகி, உருகிய இரும்பைக் காற்று தீண்டாமல் காக்கிறது. மிச்சம் கசடாகி மேலே போர்த்திக்கொள்கிறது. அதைத்தான் வெல்டர் சுத்தியலால் 'டொக் டொக்' என்று தட்டி எடுக்கிறார். ஆஸ்கர் கெல்பெர்க் என்ற ஸ்வீடன்காரர், கப்பல் பாய்லர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது யோசித்த சமாச்சாரம். 1904-ல் அவர் ஆரம்பித்த 'ஈசாப்' கம்பெனியின் ராடு இன்றைக்கும் நம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது.

பாக்கெட்டின் மேல் 6013 என்று போட்டிருந்தால் அது சாதா வேலைக்கு. கிரில், கேட், ஷெட். 7018 என்றால் பாரம் தாங்குகிற வேலைக்கு. முதல் இரண்டு இலக்கம் பலம்: ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, 70,000 பவுண்டு. ஆனால் 7018-க்கு ஒரு குணம் உண்டு. அப்பளம் மாதிரி. நமுத்தால் போச்சு. ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து இரும்புக்குள் புகுந்து, எல்லாம் ஆறிய பிறகு, சமயத்தில் மறுநாள்கூட, உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். கார்த்திகை மாசத்து மழையில் பாக்கெட்டைப் பிரித்துப் பலகையில் போட்டுவிட்டு, வெயில் வந்ததும் வடாம் மாதிரி காய வைக்கிறார்கள். வடாத்துக்கு அது போதும். இந்த ராடுக்கு அடுப்பில் வைத்துக் கிட்டத்தட்ட 300 டிகிரி சூடு காட்ட வேண்டும்.

அடுத்தது, 'சிஓ2' என்று பட்டறையில் சொல்கிற வெல்டிங். ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி தானாக வரும், பக்கத்தில் சிலிண்டரிலிருந்து வாயு வந்து காவல் காக்கும். விசையை அழுத்தினால் தையல் மெஷின் மாதிரி ஓடும். பஸ் பாடி கட்டுகிற இடங்களில் இதுதான் ராஜா. மெல்லிய ஸ்கொயர் டியூபுக்கு ரொம்ப நல்லது. வேகம் அதிகம், கசடு தட்டுகிற வேலை இல்லை.

இதைக் கேள்விப்பட்ட ஒருவர், மொட்டை மாடியில் ஷெட் போடும்போது, "ராடெல்லாம் பழசுப்பா, எனக்கு சிஓ2-லதான் வேணும்" என்று பிடிவாதம் பிடித்தார். மாடியில் ஆடி மாசக் காற்று. காவல் காக்க வந்த வாயுவைக் காற்று தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. ஜாயின்ட் முழுக்க ஓட்டை, தேன்கூடு மாதிரி. பட்டறைக்குள்ளேயே பெடஸ்டல் ஃபேனை நேராகத் திருப்பினால் இந்த கதி ஏற்படும். வெட்டவெளியில் பழைய ராடுதான் கெட்டிக்காரன், தன் குடையைத் தானே கொண்டுவருகிறது. இன்னொன்று: கனமான தகட்டில் கரன்ட்டைக் குறைத்து வைத்து சிஓ2 ஓட்டினால், மேலே பார்க்க முறுக்குப் பிழிந்தாற்போல் அழகாக இருக்கும். உள்ளே ஒட்டியிருக்காது. அழகைப் பார்த்துப் பெண் எடுக்காதே என்று நம் பாட்டிகள் சொன்னது வேறு சந்தர்ப்பத்தில்.

இப்போது எஸ்.எஸ். மோகம். மாடிப்படிக் கைப்பிடி, கேட், பூஜை அறைக் கதவு, எல்லாம் பளபளவென்று எவர்சில்வர். 'துருவே பிடிக்காது சார், லைஃப் டைம்!' ஒரு மழைக்காலம் போகட்டும். பைப் பளபளப்பாகத்தான் இருக்கும், ஜாயின்ட்டில் மட்டும் வெற்றிலைச் சாறு வழிந்தாற்போல் பழுப்புக் கோடு. ஏன்?

எஸ்.எஸ். துருப் பிடிக்காமல் இருப்பது அதிலுள்ள குரோமியத்தால். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாக மேலே படர்ந்திருக்கிறது. 304 என்ற ரகத்தில் 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல். இதை எஸ்.எஸ். ராடு தீர்ந்துபோச்சு என்று சாதா இரும்பு ராடால் ஒட்டினால், அந்த இடத்தில் தோல் இல்லை. துரு வராமல் என்ன செய்யும்? கறுப்பு இரும்பைத் தேய்த்த அதே கிரைண்டர் கல்லால் எஸ்.எஸ்ஸையும் தேய்த்தால், இரும்புத் தூள் அதில் பதிந்து அதுவும் துருப்பிடிக்கும். சூட்டை அளவுக்கு மீறிக் காட்டினால் குரோமியம் கார்பனோடு ரகசியக் கல்யாணம் செய்துகொண்டு, தோலைக் கவனிக்காமல் விட்டுவிடும். ஜாயின்ட் ஓரத்தில் வானவில் மாதிரி நீலமும் தங்கமுமாகத் தெரிகிறதே, "டிசைன் மாதிரி இருக்கு, வுடுங்க" என்று சொல்லக்கூடாது. அது சுட்ட காயம். அதற்கென்று இருக்கிற பேஸ்ட் போட்டோ, பாலீஷ் பிடித்தோ எடுத்தாக வேண்டும்.

அந்த மெல்லிய பைப்புக்கு ஏற்றது 'ஆர்கான் வெல்டிங்'. டங்ஸ்டன் ஊசி முனையில் சின்னத் தீப்பொறி, சுற்றி ஆர்கான் வாயு, இன்னொரு கையில் 308எல் போன்ற பொருத்தமான ஃபில்லர் கம்பி. மெதுவான வேலை. ஜமுக்காளம் நெய்வது போலல்ல, கொலுசுக்குப் பொடி வைப்பது போல. கூலி அதிகம்தான்.

காந்தப் பரீட்சை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்க, ஒட்டல, ஒரிஜினல்!" என்பார்கள். 202 என்று ஒரு மலிவு ரகம் இருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. அதிலும் காந்தம் ஒட்டாது. மரக்காணம் பக்கம் உப்பளக் காற்றில் 202 கைப்பிடி வைத்தால் கைப்பிடியும் உப்பளம் ஆகிவிடும். அங்கெல்லாம் 316. மாலிப்டினம் சேர்ந்தது, விலையைக் கேட்டால் காற்று வாங்கப் போனவர் வீட்டுக்கே திரும்பிவிடுவார்.

அலுமினியம் இன்னொரு தலைவலி. உலோகம் 660 டிகிரியில் உருகும், மேலே இருக்கிற ஆக்ஸைடு தோல் 2,000-க்கு மேல்தான் உருகும். உள்ளே கஞ்சி, வெளியே கவசம். ஆர்கான் மெஷினில் ஏ.சி. கரன்ட் வைத்தால் அந்தத் தோலை உரித்துக்கொண்டே போகும். ஏ.சி. இல்லாத மெஷின்காரர் "பண்ணலாம் சார்" என்றால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிராமத்திலிருந்து மோட்டார் பம்பின் உடைந்த பாடியைச் சாக்கில் கட்டி எடுத்து வருவார்களே, அது வார்ப்பிரும்பு. கார்பன் 2 முதல் 4 சதவிகிதம். சாதா ராடு போட்டால் ஒட்டும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் 'டிக்' என்று ஒரு சத்தம், பக்கத்தில் புது விரிசல். நிக்கல் ராடு வேண்டும், முதலில் சூடு காட்ட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், பிறகு மெதுவாக ஆற விட வேண்டும். பழைய ஆட்கள் சாம்பலில் புதைத்து வைத்துவிட்டு, "நாளைக்கி வா" என்பார்கள். அவர் சோம்பேறி என்று நினைத்து வேறு பட்டறைக்குப் போகிறவர்தான் இரண்டு பம்ப் வாங்குகிறவர். (இதற்கு விதிவிலக்கும் உண்டு. முண்டியம்பாக்கம் மாதிரி சர்க்கரை ஆலை இருக்கிற ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கரும்பு வழுக்காமல் இருக்க, ஓடிக்கொண்டிருக்கிற வார்ப்பிரும்பு உருளையின் பல்லிலேயே அதற்கென்று உள்ள ராடால் பொரிப்பொரியாக வெல்டிங் வைப்பார்கள். அங்கே சொரசொரப்புத்தான் வேண்டும், அழகு வேண்டாம்.)

சில சமயம் வெல்டிங்கே வேண்டாம் என்பதுதான் சரியான முறை. நாலுவழிச் சாலையின் ஓரத்தில் அலை அலையாக ஒரு இரும்புத் தடுப்பு போகிறதே, கிட்டே போய்ப் பாருங்கள். எல்லாம் போல்ட், நட். துத்தநாகம் பூசிய தகடு அது. வெல்டிங் வைத்தால் பூச்சு எரிந்து அங்கே துரு ஆரம்பிக்கும். லாரி மோதி நசுங்கினால் அந்த ஒரு துண்டைக் கழற்றி மாட்டவும் முடியாது. ஜி.ஐ. பைப்பைப் பற்றவைக்கும்போது வருகிற வெள்ளைப் புகையும் அந்தத் துத்தநாகம்தான். சுவாசித்தால் ராத்திரி குளிர் ஜுரம் அடிக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுக் காற்றோட்டமாக வைத்துச் செய்தால் ஜுரமே வராது. பாலைக் காபிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கரன்ட்டே இல்லாத வெல்டிங்கும் நம்மூரில் நடக்கிறது. விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசையில் தண்டவாளம் பிரிகிறது. முன்பெல்லாம் ரயிலில் 'தடக் தடக்' என்று தாலாட்டு கேட்குமே, அது தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி. இப்போது பெரும்பாலும் ஒட்டிவிட்டார்கள். ஃபாக்டரியில் என்றால் இரண்டு முனைகளையும் மின்சாரத்தால் பழுக்கவைத்து அழுத்தி ஒட்டுவார்கள். பொட்டல்வெளியில் என்ன செய்வது? இரும்பு ஆக்ஸைடும் அலுமினியத் தூளும் கலந்த பொட்டலத்தை மூசையில் கொட்டிப் பற்றவைத்தால், கிட்டத்தட்ட 2,500 டிகிரியில் உருகிய இரும்பாகவே இடைவெளியில் இறங்கிவிடும். ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-ல் காப்புரிமை வாங்கிய 'தெர்மிட்' முறை. 1899-ல் எஸ்ஸன் நகரத்து டிராம் தண்டவாளத்தில் முதலில் போட்டார்கள். விழுப்புரத்தில் கரன்ட் போனாலும் இது நிற்காது.

இதே சாலையில் தெற்கே போனால் திருச்சி. பெல் தொழிற்சாலை 1965-லிருந்து பாய்லர் செய்கிற ஊர். 1975-லிருந்து அங்கே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் என்றே ஒன்று இருக்கிறது. பாய்லர் வேலையில் ஜாயின்ட்டுக்கு ஜாதகம் உண்டு. என்ன உலோகம், என்ன கனம், எந்த ராடு, எத்தனை ஆம்பியர், முன்னால் எவ்வளவு சூடு, பின்னால் எவ்வளவு சூடு, எல்லாம் காகிதத்தில். முடிந்ததும் எக்ஸ்ரே. வெல்டருக்கும் பரீட்சை உண்டு. பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் வைத்துவிட்டு, இவர்தான் அதைச் சுற்றிச் சுற்றிப் பற்றவைக்க வேண்டும். கோயில் பிரதட்சணமே தேவலை.

நம் கேட்டுக்கு எக்ஸ்ரே வேண்டாம். விழுந்தாலும் பூந்தொட்டிதான் உடையும் (என்று நம்புவோம்). ஆனால் பட்டறையில் தினமும் கேட்கிற ஒரு வாக்கியம் இருக்கிறது: "அண்ணே, சும்மா ஒரு டச் போட்டுக் குடுங்க, அர்ஜென்ட்டு." தண்ணீர் டாங்க் ஸ்டாண்டின் கால், ஊஞ்சல் கொக்கி, ஸ்கூல் வேனின் சேசிஸ், டூல் பாக்ஸ் மாட்ட லாரி ஃபிரேமில் ஒரு ஆங்கிள். இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

1980 மார்ச் 27. வடகடலில் எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்ற நார்வேயின் மிதக்கும் மேடை, புயல்காற்றில் ஒரு கால் முறிந்து கவிழ்ந்தது. இருந்தவர்கள் 212 பேர். இறந்தவர்கள் 123 பேர். ஆராய்ந்து பார்த்தால், காலைத் தாங்கிய தடித்த குழாய் ஒன்றில் தண்ணீருக்குள் ஒலி கேட்கும் கருவி மாட்டுவதற்காக ஒரு சின்னப் பிடி. அதைச் சுற்றி 6 மில்லிமீட்டர் வெல்டிங். பாரம் தாங்குகிற வேலையே இல்லை என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வெல்டிங்கில் கிளம்பிய விரிசல், அலை அடிக்க அடிக்க வளர்ந்து குழாயையே அறுத்துவிட்டது. அதுவும் ஒரு டச்தான்.

லாரி ஃபிரேமுக்கு அலை தேவையில்லை, நம்ம ரோடு போதும். ஃபிரேமின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கே வெல்டிங் வைத்தால், குலுங்கக் குலுங்க அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். ஸ்பிரிங் பட்டையில் வைக்கவே கூடாது. சூடு கொடுத்துப் பதப்படுத்திய உருக்கு அது. மறுபடி சூடு காட்டினால் பதம் போய், ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மெயின் பட்டை ஒடிந்தால் மாற்றுகிறவர்தான் டிரைவர். ஒட்டித் தரச் சொல்கிறவர் முதலாளி.

காலி டாங்க்கும் அப்படித்தான். "உள்ள ஒண்ணுமே இல்ல சார், கழுவிட்டேன்" என்று சொல்லிப் பற்றவைத்த டாங்க்குகள் வெடித்து எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். நிறைய பெட்ரோல் இருக்கிற டாங்க்கைவிடக் காலி டாங்க்தான் ஆபத்து. ஒன்றும் இல்லாதது போலத் தெரிகிற இடத்தில் ஆவியும் காற்றும் சரிவிகிதத்தில் கலந்து தீப்பொறிக்குக் காத்திருக்கும். நீராவி விட்டு, ஆவியே இல்லை என்று கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகலாம். ரோட்டோரப் பட்டறையில் அது நடக்காது. அங்கே சரியான முறை, "முடியாது, போய்ட்டு வாங்க."

இனி நீங்கள் பட்டறைக்குப் போனால் மயிலா சூரியகாந்தியா என்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். என்ன உலோகம், என்ன ராடு, முழு வெல்டிங்கா வெறும் பொட்டா, இணைப்புக்குத் தனியாக என்ன கூலி? நான் இப்படித்தான் ஒரு பட்டறையில் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கிலோவுக்குக் கொஞ்சம் ஏற்றிக்கொடுத்தால் முழு வெல்டிங்கே போட்டுத் தருவதாகவும் சொன்னார். நியாயமான மனிதர்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு பையன் குத்துக்காலிட்டு, இரண்டு கையாலும் ஆங்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெல்டர் முகத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஷீல்டு. பையனுக்கு ஒன்றும் இல்லை. அந்த வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டுவிடும். அப்போது தெரியாது. ஆறு, ஏழு மணி நேரம் கழித்து நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலைக் கொட்டினாற்போல் எரியும். தாய்ப்பால் விடுவார்கள், உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் மரத்துப்போகிற சொட்டு மருந்தை வாங்கித் திரும்பத் திரும்ப விடுவார்கள். அது இன்னும் கெடுதல், போக வேண்டியது கண் டாக்டரிடம்.

"தம்பிக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கக்கூடாதா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார். நெருப்பு வெக்கும்போது அவன் தலைய அந்தப் பக்கம் திருப்பிக்குவான்."

பையனும் சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பிக் காட்டினான். அப்படித் திரும்பியபோது ஆங்கிள் அரை அங்குலம் நகர்ந்தது. கேட் ஏன் நேராக மூடுவதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.